தடைக்காலத்துப் பழ டம்ளர்

கோவிலம்பாக்கத்தில், ரேடியல் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் தெரு ஒன்றில், அறுபத்து நான்கு வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்று இருக்கிறது. அதன் கேட்டுக்கு வெளியே, டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்தில், புஷ்பலதா பதினோரு ஆண்டுகளாக மீன் விற்கிறாள். வீடு நீலாங்கரைக் குப்பத்தில். விடிவதற்குள் மீன் எடுத்து, இரண்டு ஷேர் ஆட்டோ மாறி, எட்டு மணிக்கு வந்து தெர்மாகோல் பெட்டியைத் திறந்து ஒரு குரல் கொடுப்பாள். மூன்றாம் மாடி வரைக்கும் கேட்கும். நான்காம் மாடிக்காரர்களும் வேண்டுமென்றால் கேட்டுக்கொள்ளட்டும் என்று இன்னொரு குரல் கொடுப்பாள்.

யார் வீட்டில் முள் ஆகாது, யார் வீட்டில் மாமனாருக்குத் தெரியாமல் எறா வாங்குகிறார்கள், யார் தலையைத் தூக்கிப் போடச் சொல்வார்கள், யார் தலைக்காகவே வாங்குவார்கள், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆனால் கேட்டுக்கு உள்ளே எந்த வீடு எப்படி இருக்கும் என்று தெரியாது. உள்ளே போனதில்லை. போகக் கூடாது என்று யாரும் சொன்னதும் இல்லை. சொல்ல வேண்டிய தேவை வரவில்லை, அவ்வளவுதான்.

ஏப்ரல் பதினைந்து வந்தால் கடலில் தடைக்காலம். மீன் முட்டையிடுகிற அறுபத்தொரு நாளும் விசைப்படகு போகக் கூடாது. அவள் கணவன் ரங்கன் காசிமேட்டில் விசைப்படகு ஏறுகிறவன். அந்த இரண்டு மாதமும் வலை தைப்பான், சீட்டாடுவான், மனைவி சொல்வதற்கெல்லாம் எதிர்ப்பேச்சு பேசுவான். புஷ்பலதா கருவாடு விற்பாள். போன வருஷம் வரைக்கும் அப்படித்தான்.

இந்த வருஷம் பழம் விற்பது என்று அவள் முடிவு செய்ததற்குக் காரணம் ஒரு துண்டு மாம்பழம்.

மார்ச் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரண்டாம் மாடி எப்சி வஞ்சிரம் வாங்க வந்தாள். சோழிங்கநல்லூரில் ஏதோ கம்பெனியில் வேலை. மூன்று வயது மகளையும் கூட்டி வந்திருந்தாள். புஷ்பலதா மீனைத் துண்டு போட்டுப் பையில் கட்டி வைத்துவிட்டு, சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, தனக்கென்று நறுக்கி வந்திருந்த பங்கனபள்ளியின் டப்பாவைத் திறந்தாள். குழந்தை கையை நீட்டியது. ஒரு துண்டு கொடுத்தாள். அது வாய்க்குப் போகிற நேரத்தில் எப்சி பிடுங்கிக் கீழே போட்டாள். ஈரத் தாளால் குழந்தையின் கையைத் துடைத்தாள். ஒரு தரம் இல்லை, மூன்று தரம்.

"தப்பா எடுத்துக்காதீங்க. அவளுக்கு உடனே சளி பிடிச்சுக்கும்" என்றாள். பிறகு அதே கை வெட்டிய வஞ்சிரத்தை வாங்கிக்கொண்டு மேலே போய்விட்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம் புஷ்பலதா ரங்கனிடம் சொன்னாள்: "மீனு வெட்டுற கை இனிக்குது. பழம் குடுக்குற கை கசக்குதா? இந்த வெயில் போறதுக்குள்ள அந்த கேட்டுக்குள்ள கீற வாயில என் கையால பழம் போவணும்யா. எவ செஞ்சான்னு தெரிஞ்சே போவணும்."

"இன்னாமே, வெயில்ல மண்ட காஞ்சிடுச்சா?" என்றான் ரங்கன்.

வெறும் பழம் நறுக்கி விற்றால் பத்தோடு பதினொன்று. மேடவாக்கம் கூட்டுரோட்டில் எத்தனையோ வண்டிகள். போனில் தேடினாள். வீடியோ ஒன்றில் ஒரு பெண் கலர் கலராகப் பழங்களை வெட்டி, சாற்றில் போட்டு உறைய வைத்து, பாதி உருகும்போது கண்ணாடி டம்ளரில் போட்டுக் கரண்டியால் சாப்பிட்டாள். பேச்சு இந்தியில் இருந்தது. கை செய்கிற வேலைக்குப் பாஷை எதற்கு என்று நினைத்துக்கொண்டு போனை மூடினாள். மூடியது கொஞ்சம் சீக்கிரம்.

முதல் தடவை அன்னாசி, மாம்பழம், திராட்சை, பூவன் பழம் எல்லாவற்றையும் அழகாக வெட்டி டப்பாவில் போட்டாள். வெட்டுவதற்கென்றே புதுக் கத்தியும் புதுப் பலகையும் துரைப்பாக்கத்தில் வாங்கியிருந்தாள். அதற்குப் பிறகு செய்ததுதான் தப்பு. பதினோரு வருஷமாக எறா வாங்குகிறவர்களுக்கு அவள் சொல்லி அனுப்புகிற பாடம் ஒன்று உண்டு: "முழுகுற அளவுக்குத் தண்ணி ஊத்தி ஃப்ரீஸர்ல வெய்யி யக்கா, பத்து நாளானாலும் அப்படியே இருக்கும்." வாய் சொல்லிச் சொல்லிப் பழகியதைக் கை செய்தது. பழம் முழுகத் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டாள்.

மறுநாள் டப்பாவிலிருந்து விழுந்தது ஒரு செங்கல். உள்ளே திராட்சை கண் விழித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. ரங்கன் அதைச் சுத்தியால் தட்டினான். ஒரு சில்லு தெறித்துத் தொலைக்காட்சிக்குப் பின்னால் போனது.

"நல்லா கீது புஷ்பா. கடலு அரிக்காம கரைக்குக் கல்லு கொட்றாங்களே, அதுல சேத்துடலாம்."

"சிரி. நல்லா சிரி. அப்பால துன்னக் கேட்டு வருவ இல்ல, அப்ப பாக்குறேன்."

இரண்டாம் தடவை போனில் அந்தப் படத்தைக் கடைசி வரை பார்த்தாள். தண்ணீருக்குப் பதில் சாத்துக்குடிச் சாறு. அதில் சர்க்கரைப் பாகு, எலுமிச்சை, ஒரு சிட்டிகை உப்பு. வாழைப்பழம் கறுக்காமல் இருக்க அதை முதலில் எலுமிச்சைச் சாற்றில் புரட்டினாள். மணிக்கு ஒரு தரம் வெளியே எடுத்து முள்கரண்டியால் கிளறிவிட, பனி கட்டியாகாமல் மணல் மணலாக நின்றது. மூன்று நாள், நான்கு தடவை செய்தாள். கடைசித் தடவை டம்ளரில் போட்டு, மேலே பன்னீர் சோடா ஊற்றினாள். அது எந்த இந்திக்காரியும் சொல்லிக் கொடுக்காதது. ரங்கன் மூன்று டம்ளர் சாப்பிட்டுவிட்டு நான்காவதுக்குக் கையை நீட்டினான். அதுவே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

மே மாதம் இரண்டாம் சனிக்கிழமை குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் கோடைச் சந்தை போடுவார்கள். உள்ளே இருப்பவர்களும் போடலாம், வெளியாட்களும் இடம் கேட்டு மேஜை போடலாம். புடவை, ஊறுகாய், காதணி என்று வரும். புஷ்பலதா சங்கச் செயலாளர் சத்யநாராயணனிடம் போய் மேஜை கேட்டாள். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார்.

"மீனெல்லாம் உள்ளே வேண்டாம்மா."

"மீனு இல்ல சார், பழம். ஐஸ் பழம். மூடி போட்ட டம்ளர்."

அவர் கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்தார். "எனக்கு ஒண்ணும் இல்லம்மா. ஜனங்க ஒத்துக்க மாட்டாங்க. ஒரு வாசனைன்னு இருக்கு இல்லியா? சொல்றதைப் புரிஞ்சுக்கணும்."

"புரியுது சார்" என்றாள் புஷ்பலதா. புரிந்ததால்தான் அவளுக்குக் காது வரைக்கும் சூடேறியது.

இதைக் கேள்விப்பட்டு முதல் மாடி ஜோசலின் டீச்சர் இறங்கி வந்தாள். குரோம்பேட்டையில் பள்ளிக்கூட வேலை. பதினோரு வருஷமும் மாறாத வாடிக்கை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிற ஒரே ஆள்.

"நான் கேக் மேஜை போடறேன் புஷ்பா. உன் டம்ளரையும் அதுல வெச்சிடறேன். மொத்தமும் வித்துக் காசை உன் கையில குடுக்கறேன். யாரு செஞ்சதுன்னு யாரும் கேக்கப் போறதில்ல."

"கேட்டா?"

டீச்சர் தயங்கினாள். "தெரிஞ்சவங்க செஞ்சதுன்னு சொல்றேன்."

வீட்டில் ரங்கன், "நல்லதாப் போச்சு, குடுத்துட்டு வா" என்றான். "பேரு இன்னாத்துக்கு? பேரையா துன்னப் போறாங்க?" அவன் சொன்னதில் தப்பில்லை. இரண்டு மாதம் வருமானம் இல்லாத வீடு. டீச்சரும் நல்ல மனசோடுதான் சொன்னாள். அதுதான் இரண்டு நாள் அவளை உறுத்தியது. கெட்டவர்கள் வேண்டாம் என்றால் சண்டை போடலாம். நல்லவர்களே ஒளித்து வைக்கச் சொன்னால் என்ன செய்வது?

வெள்ளிக்கிழமை நாற்பது டம்ளர் நிரப்பினாள். மார்க்கர் பேனா வாங்கி வந்து ஒவ்வொரு மூடியிலும் 'புஷ்பலதா' என்று எழுதினாள். ஐந்தாவது வரை படித்த எழுத்து. 'ஷ்ப' மட்டும் எல்லாவற்றிலும் கொஞ்சம் சரிந்திருந்தது. அடுக்கி முடித்துவிட்டு டீச்சருக்குப் போன் செய்தாள்: "உன் மேஜ வேணா டீச்சர். கோவிச்சுக்காத. நான் வெளில குந்திக்கிறேன்."

சனிக்கிழமை நான்கு மணிக்கு, டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்தில், தான் மீன் விற்கிற அதே இடத்தில் உட்கார்ந்தாள். பெட்டி மட்டும் புதிது. ஐஸில் கல்லுப்பைத் தூவினால் குளிர் இன்னும் இறங்கும் என்பது குப்பத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த வெயிலில் நாற்பது டம்ளரும் அசையாமல் உட்கார்ந்திருந்தன. உள்ளே ஒலிபெருக்கியில் பாட்டு. அவள் மீனுக்குக் கொடுக்கிற குரலையே கொடுத்தாள்: "ஐஸ் பழமேய்... மாம்பழம், அன்னாசி, ஐஸ் பழமேய்!" பாட்டு தோற்றுப்போனது.

தெருவில் போன மூன்று பேர் வாங்கினார்கள். உள்ளேயிருந்து யாரும் வரவில்லை. கேட்டுக்கு அந்தப் பக்கம் பத்துப் பேர் நின்று பார்த்தார்கள். எப்சி மட்டும் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டு வரைக்கும் வந்தாள்.

"கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க புஷ்பாம்மா. இது எந்த ஃபிரிட்ஜ்ல வெச்சது? மீன் வெக்கிற ஃபிரிட்ஜா?"

பத்துப் பேரும் அதைத்தான் கேட்க நினைத்திருப்பார்கள். புஷ்பலதா எழுந்து நின்றாள்.

"என் வூட்டு ஃபிரிட்ஜ்ல இதுவரிக்கும் ஒரு மீனு ஏறினது கிடையாது யம்மா. கடலுக்குப் பக்கத்துல கீறவ மீன எதுக்கு பொட்டில வெச்சுப் பூட்டணும்? காலைல வர்றத காலைலயே ஆக்கித் துன்னுட்டுப் போவோம். தடைக்கு முந்தின நாள் மூணு கிலோ வஞ்சிரம் வாங்கிகினு போனியே, அது இன்னும் உன் வூட்டு ஃப்ரீஸர்ல தான கீது? அதுக்குப் பக்கத்துல இன்னா வெச்சிருக்க? ஐஸ்கிரீமா?"

கேட்டுக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். எப்சியின் முகம் சிவந்தது. மகளை இழுத்துக்கொண்டு லிஃப்டைப் பார்த்து நடந்தாள். ஒரு வாடிக்கை வீடு போயிற்று என்று புஷ்பலதாவுக்குத் தெரிந்தது. போகட்டும் என்று சொல்லிக்கொண்டாள். மறுபடி உட்கார்ந்து பெட்டியில் ஐஸைச் சரி செய்தாள்.

அப்போதுதான் ஜோசலின் டீச்சர் கேக் மேஜையை விட்டுவிட்டு வெளியே வந்தாள்.

"அஞ்சு குடு. உள்ள எடுத்துட்டுப் போறேன்."

"உள்ள போவாது டீச்சர். வேணும்னா இங்கயே சாப்டு."

டீச்சர் புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கவிழ்த்துப் போட்டிருந்த மீன் கூடையின் மேல் உட்கார்ந்தாள். மூடியிலிருந்த பெயரை வாய்விட்டுப் படித்தாள். புஷ்பலதா சோடாவை ஊற்றினாள், நுரை பொங்கியது. முதல் கரண்டியிலேயே டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு, "ஏசுவே, பல்லு கூசுது!" என்றாள். மூன்றாவது கரண்டியில் வகுப்பறைக் குரலில் கேட்டைப் பார்த்துக் கூப்பிட்டாள்: "என்ன வேடிக்கை? புஷ்பா செஞ்சது. வெளிய வந்து சாப்பிடுங்க!"

முதலில் கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர் வந்தார்கள். அப்புறம் மாமனாருக்குத் தெரியாமல் எறா வாங்குகிறவள், அந்த மாமனாரோடு. அரை மணியில் கேட்டு வாசலில் கூட்டம். சத்யநாராயணன் வந்தார்.

"வழியை அடைச்சுட்டு நிக்கறாங்களேம்மா. கொஞ்சம் தள்ளிப் போய்..."

"ரோடு பஞ்சாயத்துது சார். அசோசியேஷன்து இல்ல. வண்டிக்கு வழி வுட்டுட்டுத்தான் பதினோரு வருஷமா குந்திகினு கீறேன்."

"மீட்டிங்ல பேசுவேன்."

"பேசு சார். என்னையும் கூப்பிடு, நானும் வந்து பேசுறேன்."

நாற்பதில் இருபத்தேழு போனது. பதின்மூன்றை விலை குறைத்துக் கொடுக்க அவளுக்கு மனமில்லை, குப்பத்துக்கே கொண்டுபோனாள். வலை தைத்துக்கொண்டிருந்தவர்கள் ஆளுக்கொன்று எடுத்தார்கள்.

"இன்னாமே, தோத்துட்டியா?" என்றான் ரங்கன்.

"இருபத்தேழு வாயி போயிருக்குதுய்யா."

"அந்த எப்சி வாயி?"

"அது போவல" என்றாள். "இன்னும் வெயில் கீது இல்ல?"

ஜூன் பதினைந்தாம் தேதி படகுகள் கடலுக்குப் போயின. மீன் வந்தது. பழக் கடை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். வெயிலுக்கு இந்த ஊரில் எந்த மாதம் லீவு என்று கேட்டுவிட்டு, புஷ்பலதா இரண்டு பெட்டிகளோடு வந்து இறங்கினாள். ஒன்றில் மீன், ஒன்றில் பழம். ஒரு கைக்கு ஒன்று என்பதுபோல இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பழத்தைச் சாயங்காலம் தனியாக வந்து விற்கலாமே என்று ஜோசலின் டீச்சரே சொல்லிப் பார்த்தாள். "ஒரே ஆளுதான் ரெண்டும் விக்கிறா. ஒண்ணாப் பாக்கட்டும்" என்றுவிட்டாள். மூன்று வீடுகள் மீன் வாங்குவதை நிறுத்தின. பழப் பெட்டி வருவது நிற்கவில்லை.

எப்சி மூன்று வாரம் போனில் ஆர்டர் செய்து மீன் வாங்கினாள். நான்காவது ஞாயிறு இறங்கி வந்து சங்கரா கேட்டாள். மீன் நன்றாக இல்லையாம் அங்கே. புஷ்பலதா செதிளெடுத்து, துண்டு போட்டு, பையில் கட்டிக் கொடுத்தாள். கையைக் கழுவிவிட்டு, "பழம்?" என்று கேட்டாள்.

"வேணாம்" என்றாள் எப்சி.

"சரி."

அடுத்த ஞாயிறும் கேட்டாள். அதற்கடுத்த ஞாயிறும். கெஞ்சுவதும் இல்லை, குத்திக்காட்டுவதும் இல்லை. மீன் எவ்வளவு வேண்டும் என்று கேட்கிற அதே குரல்தான். இதுவரை ஒன்பது முறை கேட்டிருக்கிறாள். ஒன்பது முறையும் எப்சி வேண்டாம் என்றிருக்கிறாள். வருகிற ஞாயிறும் கேட்பாள்.