செல்வியின் காணாக்கடி

ஆறு மாதம் இருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, உறைமோர் கேட்டு எதிர்வீட்டுக்குப் போனேன். அங்கே குமார் புது பிளேடு ஒன்றை வெந்நீரில் போட்டுக்கொண்டிருந்தான். அவன் மனைவி செல்வி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். வலப்பக்க விலாவுக்குக் கீழே எலுமிச்சம்பழம் அளவு கட்டி.

“இன்னா பண்ணப் போறே குமாரு?”

“கட்டி பயுத்துக்கீதுக்கா. ஒரே கீறு... சீய் வெளிய வந்துடும்.”

குமார் பஸ் ஸ்டாண்டு பக்கம் கறிக்கடை வைத்திருப்பவன். அந்தத் தைரியம்!

“தொங்கவுட்ட ஆடும் உன் பொண்டாட்டியும் ஒண்ணாடா?” என்று கத்தி, பிளேடை வாங்கி வெளியே வீசினேன். எனக்கு வைத்தியம் எதுவும் தெரியாது. பயம்தான்.

செல்விக்கு மூன்று வருடமாகவே ஒரு தொல்லை. திடீரென்று கை, கழுத்து, முதுகெல்லாம் சிவந்து தடித்துவிடும். அரிப்பு உயிரை எடுக்கும். ஒரே நாளில் மறையும். பத்து நாளில் மறுபடி வரும். காணாக்கடி என்றோம். வெற்றிலையில் மிளகு வைத்துக் கொடுத்தோம். கத்தரிக்காயை நிறுத்து, கருவாட்டை நிறுத்து... ஆளாளுக்கு ஒன்றை நிறுத்தச் சொல்லி, கடைசியில் அவள் தட்டில் மிஞ்சியது ரசம் சோறு.

அவள் பள்ளிக்கூடச் சத்துணவில் சமையல் உதவியாளர். பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளும் என்று இரண்டு பெற்றோர் முணுமுணுத்தார்கள். அடுப்படியிலிருந்து வாசல் பெருக்க அனுப்பிவிட்டார்கள். கொளுத்தும் வெயிலிலும் முழுக்கை ஜாக்கெட் போட்டுக்கொண்டு போவாள்.

அன்று மூன்று பேரும் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா சின்ன வயசு. கட்டியை லேசாகத் தொட்டுப் பார்த்தார். தடிப்பு விஷயத்தைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ஸ்கேன் பாக்காம இதை யாரும் தொடக் கூடாது. ஊசிகூட குத்தக் கூடாது.”

ஸ்கேன் வந்தது. ஈரலில் நீர்க்கட்டி. அதுதான் வளர்ந்து, தோல் வரைக்கும் எட்டிப் பார்த்திருக்கிறது. ரொம்ப அபூர்வமாம்.

“வீட்ல நாய் இருக்கா?”

“கீது மேடம்” என்றான் குமார்.

“என்ன போடுவீங்க?”

“கடைல மிஞ்சறதுதான். சில ஆட்டு ஈரல்ல தண்ணிப் பை மாரி இருக்கும். அத்த யாரு வாங்குவாங்க? அறுத்து நாய்க்குப் போட்ருவேன்.”

டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். அந்தப் பைக்குள் இருப்பது நாடாப்புழுவின் குஞ்சு. நாயின் குடலில் அது புழுவாகும். முட்டை, நாயின் மலத்தோடு மண்ணுக்கு வரும். மண்ணிலிருந்து கைக்கு, கீரைக்கு... அப்புறம் வாய்க்கு. ஈரலுக்குப் போய் அதே மாதிரி தண்ணிப் பையாக வளரும். உள்ளே கட்டி துளித்துளியாகக் கசிந்ததைத்தான் செல்வியின் தோல் தடித்துத் தடித்துச் சொல்லியிருக்கிறது.

“நீங்க கீறியிருந்தா, அந்தத் தண்ணி உள்ள சிந்தி, உயிரே போயிருக்கலாம்.”

குமார் எழுந்து வெளியே போனான். வேப்பமரத்தடியில் நின்று தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நான்தான்க்கா அவளுக்கு அத்த ஊட்டிக்கினு இருந்துகீறேன்” என்றான்.

அப்புறம் மாத்திரை, பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். “ஸ்கூல்ல பசங்களுக்குத் தர்ற பூச்சி மாத்திரைதான்க்கா எனக்கும். வரிசைல நிக்காம வாங்கிக்கினேன்” என்று சிரித்தாள் செல்வி. இதுவரை தடிப்பு திரும்பவில்லை. இது ஆளுக்கு ஆள் ஒட்டாது என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்தார். மறுபடி அடுப்படியில் நிற்கிறாள். குமார் தண்ணிப் பைகளை ஆழக் குழி தோண்டிப் புதைக்கிறான். நாய்க்கும் கால்நடை ஆஸ்பத்திரியில் மாத்திரை.

காய்ச்சல்காரர் வீட்டுக்குப் பழம் வாங்கிக்கொண்டு போகிறோம். தோலில் ஏதாவது வந்தால் மட்டும் ஏன் ஓரடி தள்ளி நிற்கிறோம்? கண்ணுக்குத் தெரிகிறது என்பதாலா?

அந்த இரண்டு பெற்றோரை ஊரே திட்டுகிறது. நானும் திட்டினேன். ஆனால் ஒன்று இருக்கிறது... அந்த மூன்று வருடமும் செல்வி ஆசையாகக் கொண்டுவந்து கொடுத்த குழம்பையெல்லாம், அவள் தலை மறைந்ததும் நான் தென்னை மரத்தடியில் கொட்டினேன். கிண்ணத்தைக் கழுவித் திருப்பிக் கொடுத்து, “உப்பு, காரம் சரியா இருந்துச்சு” என்றும் சொன்னேன்.

நேரில் சொல்ல வாய் வரவில்லை.

இந்தப் பத்திரிகையில் இந்தப் பக்கத்தை அவள் வாராவாரம் படிக்கிறாள்!