கடைசி ரீலைப் பார்க்காத பஞ்சாலை

என் மனைவி பஞ்சாலை ஐம்பத்திரண்டு வயதில் மாணவி ஆனாள். "இந்த வயசுல இதெல்லாம் தேவையா?" என்று கேட்ட என் அண்ணியிடம், "உங்க வயசுல நீங்க தலைக்கு மை அடிக்கிறது தேவைன்னா, இதுவும் தேவைதான்லா" என்றாள். அவள் அப்படித்தான். சிரம்பானில் லோபாக் பக்கம் ஒரு பாலர் பள்ளியில் இருபது வருடமாக உதவியாளர் வேலை. டிப்ளோமா முடித்தால்தான் ஆசிரியை ஆக்குவோம் என்று சொல்லிவிட்டார்கள். சனிக்கிழமை தோறும் அவளை வகுப்பில் கொண்டுபோய் விடுவது என் பொறுப்பு. நான் கணேசமூர்த்தி, பள்ளி வேன் ஓட்டுகிறவன். வாய் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன பருவத்தில் அவளுக்கு ஒரு பாடம். இலக்கியம், இசை, சினிமா மூன்றிலும் ஒவ்வொரு படைப்பை எடுத்துக்கொண்டு, அது உலகத்தை எப்படிப் பார்க்கிறது என்று எல்லார் முன்னாலும் பேச வேண்டும். நூற்றுக்கு நாற்பது மதிப்பெண் அந்தப் பேச்சுக்கு. அதில் கோட்டை விட்டால் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும், பள்ளி அதற்குள் வேறு ஆளைப் போட்டுவிடும்.

சாப்பிடும்போது கேட்டேன், "நாவலைப் பத்தி என்ன எழுதின?"

"அதுல யாராச்சும் அழுதா உடனே மழை பெய்யுது. மனுசன் அழுதா வானமும் கூட அழணும்னு எழுதுனவரு நெனைக்கிறாரு. நாம என்னைக்காச்சும் மழையில அழுதிருக்கோமா? நல்லா சுள்ளுன்னு வெயில் அடிக்கிறப்பதானே அழுதோம். அதைத்தான் எழுதியிருக்கேன்."

அடேயப்பா என்று இருந்தது எனக்கு. இசைக்கு அவள் எடுத்துக்கொண்டது எங்கள் ரப்பர் தோட்டத்துத் தப்பு மேளம். கல்யாணத்துக்கும் சாவுக்கும் அதே நாலு பேர்தான் அடிப்பார்கள். "அடிதான் மாறும், தோலு ஒண்ணுதான். அவங்களுக்கு ரெண்டு வீடும் ஒரே தெருவுல இருக்கு" என்றாள். முப்பது வருடம் கூடவே குடும்பம் நடத்தியும் இவள் மண்டைக்குள் இதெல்லாம் ஓடியது எனக்குத் தெரியாமல் போயிற்றே!

"சினிமாவுக்கு?"

"வேற எது? என்னை நடக்க வச்ச படம்தான்."

வாய்க்குக் கொண்டுபோன சோற்றைத் தட்டிலேயே போட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

நாங்கள் இருவரும் புக்கிட் பெலண்டோக் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர்கள். மாதம் ஒருமுறை திடலில் வெள்ளைத்துணி கட்டிப் படம் காட்டுவார்கள். ஆனால் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி இராசரத்தினம் ஐயா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். பத்தரை ஆனால் படம் எந்த இடத்தில் இருந்தாலும் நிறுத்தச் சொல்லிவிடுவார். விடியற்காலை ஐந்து மணிக்கு ஆட்களை நிற்கவைத்துப் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஆள் குறைந்தால் துரையிடம் ஏச்சு வாங்குவது அவர்தான். அதனால் எங்கள் தோட்டத்தில் முக்கால்வாசிப் படங்களுக்கு முடிவே கிடையாது. மறுநாள் மரம் சீவிக்கொண்டே ஜனங்கள் ஒரு முடிவு கட்டிக்கொள்வார்கள். பால் நிறுக்கும் நேரத்துக்குள் வில்லன் செத்திருப்பான்.

பஞ்சாலை பதினொரு வயதில் பார்த்த அந்தப் படத்தில், பணக்கார வீட்டு மருமகள் ஒருத்தி. புருசன் எல்லார் எதிரிலும் அவளைக் கை நீட்டி அடிக்கிறான். அவள் சாவிக்கொத்தை மேசைமேல் வைத்துவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு, இரும்புக் கதவைத் திறந்து ரோட்டில் நடக்கிறாள். அப்போது மணி பத்தரை. தோட்டம் கூடிப் பேசியும் இதற்கு மட்டும் ஒரு முடிவு கட்ட முடியவில்லை. அவள் நடந்துகொண்டே இருந்தாள்.

பத்தொன்பது வயதில் பஞ்சாலையின் அப்பா அவளைத் தன்னோடு குடிக்கும் கூட்டாளி ஒருவனுக்குப் பேசி முடித்தார். ஒரு விடிகாலை அவள் ஒரு பையோடு வெளியேறினாள். அவள் அம்மா தாயம்மா கதவோரம் நின்று பார்த்தாளே தவிரத் தடுக்கவில்லை. நான் அப்போது செனவாங் பேக்டரிக்குப் பெண்களை ஏற்றிப்போகும் பஸ் ஓட்டினேன். வேலை வாங்கிக் கொடுத்து, ஹாஸ்டலில் இடமும் பார்த்துக் கொடுத்தேன். மூன்றாம் நாள் பஸ் படியில் நின்று அழுதாள், வீட்டுக்கே திரும்பிப் போகிறேன் என்று. திடீரென்று கேட்டாள், "நீங்கதான் சிரம்பான்ல படமெல்லாம் முழுசா பார்க்கிறவராச்சே. சாவிக்கொத்தை வச்சிட்டுப் போனாளே, அந்தப் பொம்பள கடைசியில திரும்பிப் போனாளா?"

நான் பார்த்திருந்தேன். அவள் போனாள். கதவைத் தாண்டிய பன்னிரண்டு நிமிடத்தில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்து, அவள் ஓடிப்போய்ப் புருசன் காலில் விழுந்து, சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு சிரிப்பாள். சுபம்.

"இல்ல, போகவே இல்ல" என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள். மறு வருடம் எங்களுக்குக் கல்யாணம். அவள் அப்பா கண்ணை மூடும்வரை, ஆறு வருடம், அவளைத் தோட்டத்துக்குள் கால் வைக்க விடவில்லை.

இப்போது அந்தப் படத்தைத்தான் மேடையில் பேசப் போகிறாள், அதுவும் நான் சொன்ன முடிவோடு. உண்மையைச் சொன்னால் நான் தொலைந்தேன், சொல்லாவிட்டால் அவள் மார்க்கு தொலைந்தது. சொல்லலாம் சொல்லலாம் என்று மூன்று வாரம் ஓட்டினேன். கோழை!

வியாழக்கிழமை மாலை அவள் கைப்பேசி கிணுகிணுத்தது. கூடப் படிக்கும் மகிந்தன், தெமியாங்கில் பேங்க் வேலை பார்க்கும் பையன், "அக்கா, உங்க படம் யூடியூப்ல முழுசா இருக்கு" என்று அனுப்பியிருந்தான். நல்லா இருப்பான்! அவள் சமையலறை மேசையில் உட்கார்ந்து பார்த்தாள். நான் வெளியே போய் வேனைக் கழுவினேன். கழுவிய வேனையே இன்னும் இரண்டு முறை கழுவினேன். உள்ளே 'சுபம்' இசை கேட்டது.

வாசலுக்கு வந்து நின்றாள். "சிரம்பான்ல பார்த்தேன்னீங்க?"

"பார்த்தேன்."

"அப்ப அன்னைக்கு என்கிட்ட?"

"பொய் சொன்னேன், பஞ்சா."

மறுநாள் வெள்ளிக்கிழமை. தேநீர் வந்தது, சீனி வரவில்லை. மேசையில் இருந்த தாள்களை எடுத்துக் கிழித்துப்போட்டுவிட்டுப் புதிதாக எழுதிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தால் கையால் மறைத்தாள்.

சனிக்கிழமை வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். நாவலுக்கும் தப்புக்கும் கைதட்டல். பிறகு அவள் கதையை மறைக்காமல் சொன்னாள், பத்தரை மணியையும் பஸ் படியையும் சேர்த்து. "வீட்டை விட்டுப் போன பொம்பள திரும்பி வந்தாதான் இந்தப் படத்தை எடுத்தவங்களுக்கு உலகம் நேரா நிக்கும். எங்க கிராணிக்குப் பெரட்டுக்கு ஆள் வந்தா போதும், உலகம் நேரா நின்னுரும். பின்னால தலையைக் குனிஞ்சு உட்கார்ந்திருக்காரே எங்க வீட்டுக்காரரு, அவருக்கு நான் பஸ்ல ஏறணும்."

முப்பது தலைகள் என் பக்கம் திரும்பின. எனக்கு மேசைக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது.

விரிவுரையாளர் அனுஷியா விடவில்லை. "அப்ப உங்க பார்வைன்னு எதைச் சொல்றது? ஒரு பாதிப் படமும் ஒரு பொய்யும்தானே அதுக்கு அடிப்படை?"

"இருக்கட்டும் டீச்சர். படத்தை நிறுத்தினது ஒருத்தர், பொய் சொன்னது ஒருத்தர். ஆனா நடந்தது என் காலு."

மகிந்தன் விசில் அடித்தான். நாற்பதுக்கு முப்பத்தாறு. எனக்குத் தலைகால் புரியவில்லை, நானே பரீட்சை எழுதிப் பாஸானவன் மாதிரி எல்லாரிடமும் கை குலுக்கினேன்.

திரும்பும் வழியில் வறுத்த கச்சான் கடலை வாங்கிக் கொடுத்தேன். கொறித்துக்கொண்டே வந்தாள். கோபம் தீர்ந்துவிட்டது என்ற தைரியத்தில் கேட்டேன், "உண்மையைச் சொல்லியிருந்தா அன்னைக்குத் திரும்பிப் போயிருப்பியா?"

"போயிருப்பேன்."

நான் வேனின் வேகத்தைக் குறைத்தேன்.

"போயி, எங்கம்மாவையும் கையோட கூட்டிக்கிட்டு அடுத்த பஸ்ஸுக்கே வந்திருப்பேன்" என்றாள். "மாமியாரை வச்சுக்கிட்டு உங்களால குப்பை கொட்ட முடிஞ்சிருக்குமா?"

கேட்டுவிட்டு அவளே சிரித்தாள், என் கையிலும் கொஞ்சம் கச்சான் வைத்தாள். நான் சிரிக்க முயன்றேன், முடியவில்லை. அந்தப் பொய்யால் ஒருத்தியைக் கரை சேர்த்துவிட்டோம் என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். கதவோரம் நின்ற இன்னொருத்தியைப் பற்றி நான் யோசித்ததே இல்லை.