வண்டிக்குள் விரித்த மலோங்

பினாங்கில் ஜவுளிக்கடை வேலையில் இருந்த என் வீட்டுக்காரர், ஊருக்கு வந்தபோது எனக்கென்று ஒரு துணி கொண்டுவந்தார். கைலி போல மூட்டித் தைத்தது. ஆனால் இரண்டு பேர் உள்ளே நிற்கலாம். கத்தரிப்பூ நிறம், நடுவே மஞ்சள் பட்டைகள், பட்டைகளுக்குள் கொடிகொடியாக நெய்த வேலை. மணிலாப் பக்கத்துக் கப்பல்காரர் ஒருவரிடம் வாங்கினாராம்.

“மலோங்னு பேரு. அங்க ஒரு தீவுல, ஏரிக்கரையில, மரனாவ்னு நம்ம இஸ்லாம் மார்க்கத்து ஜனங்க இருக்காக. அவுக பொம்பளைக கைத்தறியில நெய்ஞ்சது” என்றார்.

மாமியார் அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். “இம்புட்டு அகலத்த எங்கிட்டுச் சுத்துறது?”

நானும் தோளில் முடிந்து பார்த்தேன், இடுப்பில் மடித்துப் பார்த்தேன். கட்டிக்கொண்டு வெளியே போகக் கூச்சம். குளிருக்குப் போர்த்திக்கொள்வதோடு சரி.

அந்த ஐப்பசியில் அவனியாபுரத்தில் ஒரு கல்யாணம். நிறைமாதமாக இருந்த என் நாத்தனாரும் பிடிவாதமாக என்னோடு கிளம்பினாள். திரும்பும் வழியில் மழை. கண்மாய்க்கரையில் மாட்டுவண்டி சேற்றில் புதைந்து நின்றபோது அவளுக்கு வலி கண்டது. வண்டிக்காரர் பதறி ஓடி, வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மாளைக் கூட்டிவந்தார்.

வண்டியில் ஏறியதும் அந்த அம்மாள் கேட்டது, “காஞ்ச துணி இருக்கா தாயி?”

எங்கள் சேலைகள் நனைந்திருந்தன. குளிருக்கென்று மூட்டையின் அடியில் வைத்திருந்த மலோங் மட்டும் தப்பியிருந்தது. அதை விரித்துப் பார்த்தவர், நாத்தனாரின் தலைவழியாக மாட்டிக் கால்வரை இறக்கிவிட்டு, கீழ்ப்பக்கமாகத் தன் கைகளை உள்ளே விட்டுக்கொண்டார். அதுவரை அவள் முகத்தில் வலியைவிட வெட்கம்தான் அதிகம். உடம்பு மறைந்ததும் அது போயிற்று. என் கையை இறுக்கிப் பிடித்து வாய்விட்டுக் கத்தினாள்.

“அம்புட்டுத்தேன் ஆத்தா, இன்னொருக்க முக்கு!” என்றார் அந்த அம்மாள்.

மழை விடுவதற்குள் பெண் குழந்தை. அந்தத் துணியிலேயே தாயையும் பிள்ளையையும் சேர்த்துச் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

எவ்வளவு துவைத்தும் மஞ்சள் பட்டையில் கறை போகவில்லை. “ஒங்க துணி பாழாப் போச்சே மதினி” என்று நாத்தனார் அழுதாள். “பிள்ள கெடைச்சிருக்கா, துணி என்ன துணி” என்றேன்.

பிள்ளை பெற்று நாற்பது நாள் கழிந்ததும் அந்த அம்மாளுக்கு ஆள் அனுப்பினோம். சொளகு நிறைய மொச்சையோடு வந்தார். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, “என்ன பேரு வச்சீக?” என்றார். மாமியார் சொன்ன அரபுப் பெயர் அவர் வாயில் நுழையவில்லை. சொல்லிச் சொல்லிப் பார்த்தவர், “எனக்கு இவ மழையாத்தாதேன்” என்று முடித்துவிட்டார்.

எங்கள் வீட்டிலும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.