பதினேழாவது பை

ஞாயிறு காலை 6.40. புனேயின் கராடி பகுதியில் விடுதி வாசலில் வேன் நின்றபோது முதலில் கண்ணில் பட்டவை இரண்டு வெறுங்கால்கள். முன் இருக்கையின் தலைப்பகுதிமேல் நீட்டியிருந்தன. குழுவில் டிரம்ஸ் வாசிக்கும் திவ்யாவின் கால்கள். ஹூப்ளியிலிருந்து சுமார் 430 கிலோமீட்டரும் அவர் இப்படியேதான் வந்திருந்தார்.

சென்னையிலிருந்து புறப்பட்ட இந்த ராக் குழுவில் நான்கு பேர். இது ஆறாவது நாள், நான்காவது ஊர். பயணத்தைப் பற்றி எழுத நான் பெங்களூரில் ஏறிக்கொண்டேன். பாடகர் அஸ்வினுக்குத் தொண்டை கட்டிவிட்டதால் மேடை ஏறும்வரை பேசுவதில்லை. கழுத்தில் ஒரு குட்டி சிலேட்டு தொங்குகிறது. ஓட்டுநர் எட்வின் பெரம்பூர்க்காரர். எல்லோரையும் விட அதிகம் தூங்குபவர் அவர்தான். வேன் நின்ற மறு நிமிடமே தூங்கிவிடுவார்.

ஒவ்வோர் ஊரிலும் சாமான் ஏற்றும்போதும் இறக்கும்போதும் உருப்படிகளை எண்ணுவது திவ்யாவின் வேலை. பதினேழு இருக்க வேண்டும். ஹூப்ளியில் ஏற்றியது பதினேழு. கராடியில் இறக்கியதும் பதினேழு.

8.15. டிரம்மின் தோலை மாற்றுவதற்காக வட்டமான கறுப்புப் பையைத் திறந்தார் திவ்யா. உள்ளே எவர்சில்வர் பாத்திரம் நிறைய புளியோதரை. ஹூப்ளியில் எங்களுக்கு விருந்து வைத்த வீட்டம்மா, வழியில் சாப்பிடக் கட்டிக்கொடுத்தது. அதே அளவு, அதே நிறத்தில் பை. திவ்யாவின் ஸ்நேர் அந்த வீட்டுக் கூடத்திலேயே இருந்தது.

ஸ்நேர் என்பது வாசிப்பவரின் முழங்கால்களுக்கு நடுவில் நிற்கும் டிரம். பாட்டில் சுளீரென்று விழும் அடி அதில்தான் விழுகிறது. பெரிய டிரம்களை நிகழ்ச்சி அமைப்பாளர் கொடுத்துவிடுவார். ஸ்நேரை மட்டும் வாசிப்பவரே கொண்டுவருவது இவர்கள் வழக்கம். அது இல்லாமல் மாலை 5.30 நிகழ்ச்சி நடக்காது.

“ஏம்மா, சோத்தையும் சேர்த்தா எண்ணினே?” என்றார் எட்வின்.

அஸ்வின் சிலேட்டில் எழுதிக் காட்டினார்: “நல்லெண்ணெய் வாசனை அடிச்சப்பவே சந்தேகப்பட்டேன்.”

“அப்பவே சொல்றதுக்கென்னடா?” என்றார் திவ்யா.

அஸ்வின் தொண்டையைத் தொட்டுக் காட்டினார்.

ஹூப்ளி வீட்டம்மா ஸ்நேரைப் பேருந்து பார்சலில் போட ஒப்புக்கொண்டார். திங்கள் காலைதான் வந்து சேரும். அமைப்பாளர் அழைத்த மூன்று வாடகைக் கடைகளில் இரண்டு போனை எடுக்கவில்லை. மூன்றாவது கடையின் டிரம்கள் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தன.

11.20. நேரில் தேடலாம் என்று எட்வின், திவ்யா, நான் மூவரும் வேனில் கிளம்பினோம். ஏரவாடாவில் டீ குடிக்க நின்றோம். டீ பன்னிரண்டு ரூபாய், வடா பாவ் இருபது. இரண்டாவது கடியில் திவ்யா மெல்லுவதை நிறுத்தினார். பக்கத்துச் சந்திலிருந்து ஸ்நேர் போலவே சுளீரென்று டிரம் சத்தம் வந்தது. பாவோடு ஓடினார்.

கல்யாண பேண்டு ஒன்றின் கடை அது. சுவரில் தங்கச் சரிகை வைத்த சிவப்புக் கோட்டுகள் பதினொன்று தொங்கின. நடத்துபவர் முருகேஷ், நாற்பதை ஒட்டிய வயது. திவ்யா இந்தியில் திணறுவதைக் கொஞ்ச நேரம் ரசித்துவிட்டுத் தமிழில் கேட்டார்:

“மெட்ராஸா? நமக்கு வேலூர் பக்கம். பொறந்தது இங்கியேதான். போலோ, என்ன வேணும்?”

“தோள்ல மாட்டி அடிப்பீங்களே, அந்த சைடு டிரம் ஒண்ணு வேணும்ணா. சாயங்காலம் ஒரு மணி நேரத்துக்கு.”

“அரே, இது பராத் டிரம்மு, கல்யாண ஊர்வலத்துக்கு அடிக்கறது. உங்க ராக்-வாக் எல்லாம் தாங்குமா?”

“தாங்கும்ணா.”

“கிழிஞ்சா? ஏழேகாலுக்கு விஷ்ராந்த்வாடில மாப்ளை ஊர்வலம். இந்தச் சத்தம் கேக்காம அந்தக் குதிரை ஓரடி வெக்காது. மாப்ளைய நீ தூக்கிட்டுப் போவியா?”

“தூக்கறேன்.”

முருகேஷ் அவரை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் எட்வின் கையிலிருந்த வட்டக் கறுப்புப் பையை மோப்பம் பிடித்தார். “அதுல என்ன?”

பதினைந்து நிமிடத்தில் பேண்டுக்காரர்கள் பதினொரு பேரும் புளியோதரை தின்றுகொண்டிருந்தார்கள்.

5.30. டிரம் ஸ்டாண்டில் பொருந்தவில்லை, கயிற்றால் கட்டினார்கள். முருகேஷ் சிவப்புக் கோட்டோடு மேடை ஓரத்தில், கையில் போனை வைத்து மணி பார்த்தபடி நின்றார். டிரம்மைச் சுற்றி ஊர்வலத்துக்கான விளக்குச் சரம். ஒவ்வோர் அடிக்கும் மின்னும். வெயிலில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. ஆறு மணிக்கு மேல் இருட்டத் தொடங்கியதும் அடிக்கு அடி பச்சையும் சிவப்புமாகத் தெரிந்தது. மைதானம் எழுந்து நின்று கூவியது. அஸ்வின் குரல் பாதிதான் வந்தது. மீதியை முன்வரிசை பாடியது.

6.25. இன்னொன்று, இன்னொன்று என்றது கூட்டம். திவ்யா ஓரமாகத் திரும்பினார். முருகேஷ் நான்கு விரல் காட்டினார். நான்கு நிமிடத்தில் ஒரு பாட்டு முடிந்தது. கைதட்டல் ஓயுமுன் முருகேஷ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

விஷ்ராந்த்வாடிக்கு வேனில் எல்லோருமே போனோம். 7.12க்குச் சேர்ந்தோம். மாப்பிள்ளை குதிரைமேல், குதிரை நின்ற இடத்தில். முருகேஷ் டிரம்மைத் தூக்கித் திவ்யாவின் தோளில் மாட்டினார்.

“மாப்ளைய தூக்கறேன்னியே. நடத்திக் காட்டு.”

திவ்யா அடித்தார். குதிரை ஓரடி வைத்தது. எழுநூறு மீட்டர் ஊர்வலத்துக்கு நாற்பது நிமிடம். ஆறு நாளில் மொத்தம் இருபத்தைந்து மணி நேரம்கூடத் தூங்காத நான்கு பேரும் யாரென்றே தெரியாத ஒருவரின் கல்யாணத்தில் வேர்க்க விறுவிறுக்க ஆடினார்கள். மாப்பிள்ளையின் மாமா ஒருவர் அஸ்வினுக்குத் தலைப்பாகை கட்டிவிட்டார். அஸ்வின் சிலேட்டில் நன்றி எழுதிக் காட்டினார். அவரை வாய் பேசாதவர் என்று நினைத்து அந்த மாமா ஒரு தட்டு ஜிலேபி அதிகமாகக் கொடுத்தார்.

திங்கள் காலை 8.50. ஸ்வார்கேட் பேருந்து நிலையத்தில் ஸ்நேர் பார்சலை எட்வின் வாங்கி வந்தார். அடுத்த ஊர் மும்பை, 150 கிலோமீட்டர். திவ்யா இந்தமுறை ஒவ்வொரு பையின் ஜிப்பையும் திறந்து பார்த்து எண்ணினார்.

பதினெட்டு. பதினெட்டாவது, கழுவித் துடைத்த காலிப் பாத்திரம்.