சர்வர் தயார், ஆட்கள் மைதானத்தில்

அந்தச் சனிக்கிழமை காலை கொட்டாஞ்சேனை அலுவலகத்தில் இருந்தவர்கள்: மனேஜர், காசாளர் அக்கா, வாசற் காவலாளி, கவுண்டருக்கு முன்னால் டெலிவரி ஓடருக்காகக் காத்து நின்ற லொறிக்காரர்கள். இல்லாதவர்கள்: நானும் என்னோடு வேலை செய்த மற்ற இருவரும். சர்வர் விழுந்தால் எழுப்பத் தெரிந்தவர்கள் அந்தக் கம்பனியில் நாங்கள் மூவர் மட்டுமே.

துறைமுகத்திலிருந்து கொள்கலன்களை வெளியே எடுத்துக் கொடுப்பது எங்கள் கம்பனியின் தொழில். எந்தக் கொள்கலன் யாருடையது, வரி கட்டியாயிற்றா, வெளியே விடலாமா என்பதெல்லாம் ஒரே தரவுத்தளத்தில் இருந்தது. அதை இரண்டு சர்வர்கள் கிளஸ்டராகச் சேர்ந்து தாங்கின. ஒன்று படுத்தால் மற்றது உடனே வேலையை எடுத்துக்கொள்ளும். ஆனால் இரண்டுக்கும் பொதுவாக இருந்தது ஒரே ஸ்டோரேஜ் பெட்டி. கட்டடத்துக்கு ஏதும் நடந்தால் எல்லாம் ஒன்றாகப் போய்விடும். யுத்த காலம், துறைமுகமோ கூப்பிடு தூரம். அதனால் வெள்ளவத்தைக் கிளையின் மேல்மாடியில் இரண்டாவது ஸ்டோரேஜ் பெட்டியையும் ஒரு ஸ்டேன்ட்பை சர்வரையும் வைத்தோம். கொட்டாஞ்சேனையில் எழுதப்படும் ஒவ்வொன்றும் தொலைபேசித் தனி லைன் வழியாக அங்கேயும் அதே கணத்தில் எழுதப்படும்; இதற்குப் பெயர் ரெப்ளிகேஷன். கூரையில் அன்டெனா வைத்திருந்தால் மலிவாக முடிந்திருக்கும். கட்டடச் சொந்தக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"வெள்ளவத்தையில தமிழன்ர கூரையில அன்டெனாவோ? வச்சுப்போட்டு நீங்கள் போயிடுவியள் தம்பி, உள்ள போறது நான்."

திட்டத்தை எழுதியது நான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆளும் நான்தான். அப்பா புறக்கோட்டையில் மூட்டை தூக்கியவர். கிராண்ட்பாஸ் வீட்டில் அவருக்கு விளக்கிச் சொன்னபோது கவனமாகக் கேட்டார்.

"ஒருத்தன் விழுந்தா பக்கத்துல இருக்கவன் தூக்குறான். ரெண்டு பேருமே விழுந்தாத் தூக்குறதுக்கு வேற ஏரியாவுல ஒருத்தன் சும்மா நிக்கிறான். சும்மா நிக்கிறவனுக்கும் கூலி குடுக்கிறீங்களாடா?"

மனேஜரும் இதையேதான் ஆங்கிலத்தில் கேட்டிருந்தார்.

திட்டத்தில் ஒரு விஷயம் எனக்குத் தனிப் பெருமை. ஊரடங்கு போட்டாலும் வீதியை மூடினாலும் ஸ்டேன்ட்பை சர்வரை எழுப்ப ஆள் போய்ச் சேரவேண்டும். ஆகவே நாங்கள் மூவரும் கிளைக்கு எதிரே இருந்த லொட்ஜில் ஒரே அறையை எடுத்தோம். வீதியைக் கடந்தால் சர்வர்.

அந்தச் சனிக்கிழமை விடியும்போது பொலிஸார் அந்த லொட்ஜைச் சுற்றி வளைத்தார்கள். தமிழ் இளைஞர்கள் எல்லோரையும் அடையாள அட்டையோடு பக்கத்து மைதானத்துக்குக் கொண்டுபோனார்கள். கைபேசிகளை வாசலிலேயே வாங்கிக்கொண்டார்கள். நாங்கள் மூவரும் ஒருவர் பின் ஒருவராக வரிசையில் நின்றோம். இது முதல் ரவுண்டப் அல்ல. பின்னேரத்துக்குள் விட்டுவிடுவார்கள் என்று பகிடி விட்டுக்கொண்டு நின்றோம்.

அதே நேரத்தில் கொட்டாஞ்சேனையில் மேல்மாடித் தண்ணீர்த் தாங்கியின் குழாய் வெடித்து, ஸ்டோரேஜ் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. குண்டு விழும் என்று எல்லாம் செய்து வைத்திருந்தோம். விழுந்தது குழாய்த் தண்ணீர்.

எங்கள் கைபேசிகள் பதில் சொல்லாததால், மனேஜர் கம்பனிக் கடிதத்தைக் கொடுத்துக் காசாளர் அக்காவை ஓட்டோவில் அனுப்பினார். லொட்ஜில் விசாரித்துக்கொண்டு அவர் மைதானத்துக்கு வந்தார். கம்பி வேலிக்கு அப்பால் அவரைக் கண்டதும் கையைக் காட்டினேன்.

"மூண்டு பேரும் இங்கயா? ஒருத்தனாவது இரவு வேற எங்கயாவது போய்ப் படுத்திருக்கக் கூடாதா?"

"என்னக்கா நடந்தது?"

"உங்கட பெட்டி குளிச்சிட்டுது. லொறிக்காரர் கத்துறாங்கள். மத்தியானம் துறைமுகக் கேட்டை மூடினா இனித் திங்கள்தான்."

உள்ளே நிற்கும் ஒவ்வொரு கொள்கலனுக்கும் துறைமுகம் தாமதக் கட்டணம் அறவிடும். எங்கள் இயந்திரத்தால் தாமதமானால் அதை நாங்களே கட்டுவோம் என்று மனேஜர் வாடிக்கையாளர்களுக்கு எழுதிக் கொடுத்திருந்தார். என் திட்டத்தை நம்பித்தான் கொடுத்திருந்தார்.

அக்கா நீட்டிய கடிதத்தைப் பொலிஸ் சார்ஜன்ட் வாசித்தார். "சர்வர் கியன்னே மொகக்த?" சர்வர் என்றால் என்ன என்று கேட்கிறார். நான் சிங்களத்தில் விரிவாகத் தொடங்கப்போக, பின்னால் நின்ற என் கூட்டாளி முதுகில் கிள்ளினான்.

"ரெப்ளிகேஷன் கதையை எடுக்காத மச்சான். இதே மாதிரி ஒண்டு இன்னொரு இடத்தில தயாரா நிக்குது எண்டு சொன்னா, எங்க நிக்குது, எத்தினை பேர் எண்டு கேப்பான்."

"கம்பியூட்டர், சேர்," என்று முடித்துக்கொண்டேன். வரிசை முடியாமல் யாரையும் விடமுடியாது, வேலியருகே நின்று கதைக்கலாம் என்றார் சார்ஜன்ட்.

வெள்ளவத்தைக் கிளையின் சர்வர் அறைச் சாவி என் பொக்கற்றில் இருந்தது. கம்பிக்குள்ளால் நீட்டினேன்.

"நானா? பிரிண்டர்ல பேப்பர் சிக்கினாலே உன்னைத்தானே கூப்பிடுறனான்!"

"அலுமாரிக் கதவுக்கு உள்பக்கம் எல்லாம் ஒட்டியிருக்கக்கா. எழுதினபடி செய்யுங்கோ. முதல்ல சொல்லுங்கோ, மனேஜர் சேர் இப்ப என்ன செய்றார்?"

"பெட்டிக்கு ஃபேன் பிடிக்கிறார். காய்ஞ்சதும் போட்டுப் பாக்கப் போறாராம்."

வேலியைப் பிடித்துவிட்டேன். இரண்டு பக்கமும் உயிர்த்தெழுந்து தனித்தனியே எழுதத் தொடங்கினால், எது உண்மைக் கணக்கு என்று பிறகு யாராலும் சொல்லமுடியாது. ஒரே கொள்கலனை இரண்டு பேருக்கு விட்டுக்கொடுப்போம். அக்காவின் கைபேசி உடனே காதுக்குப் போனது.

"சேர், ஃபேனை நிப்பாட்டுங்கோ. பிளக்கைக் கழட்டுங்கோ. இல்ல சேர், கழட்டிக் கையில வச்சிருங்கோ."

கடவுச்சொல்லைத் தாளில் எழுதி வைக்கவில்லை. அது பாதுகாப்பாம். ஆகவே ஒவ்வொரு எழுத்தாகக் கத்தினேன். அக்கா, சார்ஜன்ட், வரிசையில் நின்ற இளைஞர்கள், வேலியோரத்தில் நின்ற கடலைக்காரர் எல்லோரும் கேட்டார்கள்.

அக்கா போனார். கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்கத் திரும்பி வந்தார். "எழுத விடமாட்டனெண்டு நிக்குது."

"பிரதி எடுக்கிறதை நிப்பாட்டவா எண்டு கேக்குதா? ஓம் எண்டு குடுங்கோ. இனி அதுதான் அசல்."

"உறுதியாத்தான் சொல்றியா?"

"ஓம் அக்கா."

அடுத்த தடவை அவர் ஓடி வரவில்லை, நடந்து வந்தார். முகத்திலேயே தெரிந்தது. "நேற்று நான் கடைசியாப் போட்ட ரசீது அப்படியே நிக்குது, தம்பி. கொட்டாஞ்சேனைக் கவுண்டர்ல பிரிண்ட் வரத் தொடங்கிட்டுதாம்."

ஒரு பதிவுகூடத் தொலையவில்லை. ரவுண்டப்பில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்ற ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். சார்ஜன்ட் என் அடையாள அட்டையை இன்னொரு முறை வாங்கிப் பார்த்தார்.

பின்னேரம் விட்டார்கள். திங்கட்கிழமை கடவுச்சொல்லை மாற்றினோம். திட்டத்தில் இயந்திரங்கள் பற்றிய ஒரு வரியையும் நான் தொடவில்லை, அது சரியாகவே இருந்தது. ஆட்கள் பற்றிய பக்கத்தை மட்டும் புதிதாக எழுதினேன். சர்வரைப் பிரித்து வைத்ததுபோல ஆட்களையும் பிரித்து வைக்கவேண்டும்: ஒருவன் லொட்ஜில், ஒருவன் கொலன்னாவையில், நான் கிராண்ட்பாஸில் அப்பாவோடு. நான்காவது ஆளாக அக்காவைச் சேர்த்தேன். மனேஜர் வாசித்துவிட்டுக் கையெழுத்து வைத்தார்.

நனைந்த பெட்டிக்குக் காப்புறுதி கிடைத்தது. கேட் மூடியபோது உள்ளே அகப்பட்ட சில கொள்கலன்களின் தாமதக் கட்டணமும் அக்காவின் ஓட்டோக் கூலியும் சேர்த்து, கம்பனிக்கு முடிவாகப் போனது ஒரு இலட்சத்து எழுபத்திரண்டாயிரத்து முந்நூறு ரூபாய்.