மூன்றாம் வரிசையில் கண்ணைச் சுருக்கியவள்

கடைத்தெருவில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'ஒண்ணா ரெண்டா அக்கா' என்றுதான் சொல்வார்கள். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில், விளக்கை அணைத்துவிட்டு, வருகிறவர்களின் மூக்கில் கனத்த சட்டம் ஒன்றை மாட்டி, அதில் கண்ணாடி வில்லைகளை மாற்றி மாற்றிச் செருகி, "ஒண்ணு தெளிவா, ரெண்டு தெளிவா?" என்று கேட்பது அவள் தொழில். பதினேழு வருஷமாகக் கேட்கிறாள். பாதி ஊர் அவள் முன்னால் உட்கார்ந்து ஒன்றையோ இரண்டையோ தேர்ந்தெடுத்துவிட்டுப் போயிருக்கிறது. அவளுக்கு மட்டும் ஒரு ஜோடி செருப்பு வாங்க அரை நாள் ஆகும்.

அப்படிப்பட்டவளுக்கு நாற்பத்து நான்காவது வயதில் ஓர் ஆசை முளைத்தது. ஆசியாவில் எங்காவது ஒரு மூலைக்குப் போய், ஆறு மாதம் அங்கேயே தங்கி, பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வேண்டும். சம்பளம் கிடையாது, சாப்பாடும் படுக்கையும் உண்டு. இதற்கென்றே தொண்டர்களை அனுப்பும் அமைப்புகள் இருக்கின்றன. அவள் ஆங்கிலத்தில் பட்டம் வாங்கியவள். வேலை கிடைத்தது கண்ணாடிக் கடையில். பட்டங்களுக்கு வழக்கமாக நேர்வதுதான்.

"உனக்கு இன்னும் இங்கிலீஷ் ஞாபகம் இருக்காம்மா?" என்றாள் கல்லூரிக்குப் போகும் மகள்.

"தினம் நாப்பது பேருக்கு இங்கிலீஷ் எழுத்து காட்டறேன்டி."

"அந்தப் பலகையில இருக்கறதை வச்சு ஒரு வார்த்தைகூட எழுத முடியாதும்மா."

லிஃப்ட் மெக்கானிக்கான கணவர் தடை சொல்லியிருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். அழுதுவிட்டு, ஆசையை மடித்துப் பரணில் போட்டிருக்கலாம். அந்த மனுஷனோ, "போய்ட்டு வாயேன், நல்ல விஷயம்தானே" என்று சொல்லித் தொலைத்துவிட்டார். மாமியார் ஆசீர்வாதமே பண்ணிவிட்டார். கடை முதலாளி ஒருவர்தான் கெடு வைத்தார்.

"சனிக்கிழமைக்குள்ள எந்த ஊரு, எப்பன்னு சொல்லிடும்மா. உன் இடத்துக்கு ஒரு பொண்ணைப் பேசி வச்சிருக்கேன். அது வேற கடைக்குப் போயிடுச்சுன்னா லீவும் கிடையாது, கனவும் கிடையாது."

கனவு கிடையாது என்று அவர் சொன்னது சரியில்லை. அது அவருடைய பின்னறையில்தான் நடந்துகொண்டிருந்தது. பத்தொன்பது அமைப்புகளைக் கழித்துக் கழித்து இரண்டில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தாள்: ஒன்று மலை ஊர், ஒன்று ஆற்று ஊர். ஓர் ஆள் எழுந்து போய் அடுத்த ஆள் வந்து உட்காருவதற்குள், இருட்டறைச் சுவர் மெல்ல விலகும். மேகம் வகுப்புக்குள் நுழைந்து முதல் பெஞ்சில் உட்காரும். அல்லது தரை லேசாக ஆடும். படகிலிருந்து பிள்ளைகள் பைகளைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்குவார்கள். "மேடம், நாலாவது வரி மங்கலா இருக்கு" என்று யாராவது தண்ணீருக்கு அப்பாலிருந்து கத்துவார்கள். வேண்டாவெறுப்பாகக் கரையேறுவாள்.

மலை ஊர் அமைப்பு சுறுசுறுப்பானது. அவள் ஒரே ஒரு சந்தேகம் கேட்டு எழுதினாள். மூன்றே நிமிஷத்தில் 'வாழ்த்துகள், நீங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டுவிட்டீர்கள்' என்று பதில் வந்தது. அவள் இன்னும் விண்ணப்பிக்கவே இல்லை. அவர்களுடைய பளபளப்பான புத்தகத்தில் ஒவ்வொரு தொண்டரையும் எட்டுக் குழந்தைகள் கட்டிப்பிடித்திருந்தார்கள். ஆற்று ஊர் அமைப்பு அனுப்பியது ஒரே ஒரு தாள். அதில் ஒரு வகுப்பறைப் படம். கீழே, 'மழைக்காலத்தில் பள்ளிக்கூடம் சில நாள் இருக்காது' என்று ஒரு வரி.

புதன்கிழமை சாயங்காலம் மகளுக்குப் பொறுமை போய்விட்டது. அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து, எதிர்ச் சுவரோரம் போய் நின்று, புத்தகத்தையும் தாளையும் இரண்டு கைகளில் தூக்கிப் பிடித்தாள்.

"ம், சொல்லு. ஒண்ணு தெளிவா, ரெண்டு தெளிவா?"

"ரெண்டும் ஒரே மாதிரிதான்டி இருக்கு."

"இதையே உன் கடைக்கு வர்றவங்க சொன்னா என்ன பண்ணுவ?"

"கண்ணைச் சிமிட்டிட்டு மறுபடி பாருங்கம்பேன்."

"சிமிட்டு."

சிமிட்டினாள். அந்தத் தூரத்திலிருந்து பார்த்தபோதுதான் அவளுக்கு ஒன்று தட்டுப்பட்டது. புத்தகத்துக் குழந்தைகள் எல்லோரும் கேமராவைப் பார்த்துச் சிரித்தார்கள். கரும்பலகை என்று ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை. தாளில் இருந்த குழந்தைகள் பலகையைப் பார்த்தார்கள். மூன்றாம் வரிசையில், ஓரத்தில், ஒரு பெண் தலையைச் சாய்த்துக் கண்களைக் கோடாகச் சுருக்கியிருந்தாள்.

"இவளுக்குப் பலகை தெரியல" என்று எழுந்துவிட்டாள்.

அன்றே ஆற்று ஊருக்கு விண்ணப்பம் போயிற்று. 'எங்களோடு வர ஏன் விரும்புகிறீர்கள்?' என்ற கட்டத்தில் அவள் இப்படி எழுதினாள்: 'மூன்றாம் வரிசை ஓரத்துப் பெண்ணை உடனே முன் பெஞ்சுக்கு மாற்றுங்கள். அவளுக்குத் தூரப் பார்வை மங்கல்.'

மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "மத்தவங்கல்லாம் உலகத்தை மாத்தப்போறேன்னு எழுதுவாங்கம்மா. நீ பெஞ்சை மாத்தச் சொல்லியிருக்க."

வெள்ளிக்கிழமை மதியம் பதில் வந்தது. கிட்டத்தட்ட இப்படி:

'அந்தப் படம் பதினோரு வருஷப் பழசு. மன்னிக்கவும், புதிதாக எடுக்க ஆளில்லை. அந்தப் பெண் இப்போது படகுத்துறையில் சீட்டுக் கொடுக்கிறாள். போய்க் கேட்டோம். பலகையில் எழுதியது தனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை என்றாள். எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும், மற்றவர்கள் கெட்டிக்காரர்களாக இருப்பதால் ஊகித்துப் படிக்கிறார்கள் என்று நினைத்தாளாம். தான் மக்கு என்று ஏழாம் வகுப்போடு நின்றுவிட்டாள். எங்களுக்கு இது இன்றுதான் தெரியும். இடம் காலியாக இருக்கிறது. வருகிறீர்களா?'

வீட்டில் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினாள். பாதியில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு மீதியைப் படித்தாள்.

"பழைய போட்டோவைக் காட்டி ஆள் பிடிக்கறாங்க" என்றார் கணவர். "இதுக்குப் பேசாம மலைக்கே போயிடு. அங்க ஏற்கனவே வாழ்த்தெல்லாம் சொல்லிட்டாங்க."

"அந்தப் பொண்ணு படிப்பு போச்சுங்க."

"சரி, பாவந்தான். அதுக்கு நீ இப்ப போய் என்ன பண்ண முடியும்? பதினோரு வருஷம் லேட்டு."

"இப்ப மூணாவது வரிசையில யாரு உக்காந்திருக்காங்களோ."

கணவர் அந்தப் பதிலை வாங்கி ஒருமுறை படித்தார். பிறகு, "மழைக்காலம் எப்ப ஆரம்பிக்குதுன்னு கேட்டியா? அதுக்குத் தகுந்த மாதிரிதானே செருப்பு வாங்கணும்" என்றார். அவர் சம்மதத்தை எப்போதும் இப்படிச் சுற்றிக்கொண்டு வந்துதான் தருவார். போன வாரம் தந்தது வெறும் மரியாதை.

சனிக்கிழமை காலை அவள் கடைக்குள் நுழைந்ததும் முதலாளி ஷட்டர் சாவியைச் சுழற்றிக்கொண்டே, "என்ன, ஒண்ணா ரெண்டா?" என்றார்.

"ஆத்து ஊரு. அடுத்த மாசம் கிளம்பறேன், சார்."

"மலையில்ல நல்லாருக்கும்? குளுகுளுன்னு."

"நல்லாத்தான் இருக்கும். ஆத்து ஊர்ல ஒருத்திகிட்ட, நீ மக்கு இல்லன்னு நேர்ல சொல்லணும் சார். அப்புறம் பாடம் எடுக்கணும்."

முதலாளி புரிந்ததுபோலத் தலையாட்டினார். புரியாதபோது அவர் செய்வதும் அதுதான். உடனே மாற்றுப் பெண்ணுக்குப் போன் போட்டார்.

சாயங்காலம் பேருந்து நிறுத்தத்தில் நல்ல கூட்டம். சற்று முன் பெய்த மழையில் தெருவெல்லாம் தண்ணீர் மினுங்கியது. எதிர்க் கடைகளின் விளக்குகள் அதில் நீளமாக ஆடின. அவளுடைய பேருந்து வந்தது, நின்றது, ஆட்களை ஏற்றிக்கொண்டு தண்ணீரை இரண்டாகப் பிளந்தபடி போயிற்று. அவள் ஏறவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, துறையில் நிற்கிறவளைப்போல, அடுத்த படகுக்காக நின்றுகொண்டிருந்தாள்.