ஹாலுக்கு வந்த கணினி

ஆவணங்களை மொழிபெயர்ப்பது என் தொழில். மருத்துவ அறிக்கைகள், விவாகரத்துப் பத்திரங்கள் என்று பிறருடைய அந்தரங்கமெல்லாம் என் மேசைக்கு வரும். அவற்றை எங்கோ இருக்கும் ஒரு நிறுவனத்தின் ஏஐக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. வீட்டுக்குள்ளேயே இயங்கும் ஒன்று வேண்டுமென்று பாகம் பாகமாக வாங்கி, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வீட்டின் படுக்கையறையில் நானே ஒரு கணினியைப் பொருத்த உட்கார்ந்தேன்.

என் கணவர் அப்போதுதான் டயாலிசிஸ் தொடங்கியிருந்தார். கையில் பிளாஸ்திரியோடு வந்து என் பக்கத்தில் தரையில் அமர்ந்தார். ஏஐயை ஓட்டும் கிராபிக்ஸ் கார்டுகள் இரண்டு. ரவாங்கில் ஒருவரிடம் பழையதாக வாங்கிய இரண்டாவது, செங்கல் போலக் கனத்தது. திருகுவதற்குள் சாய்ந்தது.

"நான் பிடிச்சுக்கிறேன், நீ முடுக்கு."

"அந்தக் கையால கனம் தூக்கக் கூடாதுங்க."

"இன்னொரு கை இருக்கு லா. பேசாம முடுக்கு."

கடைசித் திருகு இறங்கும்வரை அசையாமல் பிடித்திருந்தார்.

கணினி நன்றாகவே ஓடியது. ஆனால் ஒட்டி ஒட்டி இருந்த கார்டுகள் கொதித்தன. ஏர்கோன் போட்டு அறையைக் குளிரவைக்காமல் முடியவில்லை. சில நாள் கழித்துத்தான் கவனித்தேன்: அவர் ஹால் சோபாவில் போர்வைக்குள் சுருண்டு கிடந்தார். டயாலிசிஸ் முடிந்து வந்தால் அவருக்குக் குளிர் தாங்காது.

"சொல்லியிருக்கலாமேங்க."

"உன் வேலை ஓடணும்ல."

மறுநாளே கணினியை ஹால் ஜன்னலோரம் கொண்டுவந்தேன். நீள ஒயர் வாங்கி இரண்டாவது கார்டைத் தள்ளி மாட்டினேன். இரண்டுக்கும் போகும் மின்சாரத்தைக் குறைத்தேன். வேலை சற்று மெதுவானது, ஏர்கோன் தேவைப்படவில்லை.

அன்று வீடு திரும்பியவர், கணினியின் பின்னால் வந்த காற்றில் கையை வைத்துப் பார்த்தார். "அட, சூடா நல்லாருக்கே!" நாற்காலியை இழுத்துப் போட்டுப் பாதங்களை அங்கே நீட்டினார். பல வாரங்களுக்குப் பிறகு அவர் முகம் இளகியதைப் பார்த்தேன். அதுவே வழக்கமாகிவிட்டது.

ஒருநாள் எனக்கு வேலையே வரவில்லை. நடுங்கிக்கொண்டு வந்தவர், குளிர்ந்து கிடந்த கணினியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போர்வையை எடுத்தார். நான் என்றோ முடித்துக்கொடுத்த தடித்த ஆவணம் ஒன்றை எடுத்து, கணினியை முதலிலிருந்து மறுபடி மொழிபெயர்க்கவிட்டேன். விசிறிகள் இரைந்தன.

"அவசர வேலையா?"

"ஆமாங்க. ரொம்ப அவசரம்."

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு கால்களை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்ப மெதுவாவே முடி."